நீதிமன்றம் தாமதமாக வந்த இடங்கள்: வழக்கறிஞர் ரா. வெங்கட்ராமன்

(தெப்பக்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



2023 ஆகஸ்டு 5 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்தத் தெப்பக்காட்டு யானை முகாமுக்கு வந்து பாகர்களைச் சந்தித்துச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். அதே பதவியில் 1987 முதல் 1992 வரை இருந்த ரா. வெங்கட்ராமனைப் பற்றிப் பேச இன்று வந்திருக்கிறேன். குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் சென்னையில் ஒரு வழக்கறிஞர். தோட்டத் தொழிலாளர், எஸ்டேட் ஊழியர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே தொழிலாளர், பத்திரிகையாளர் ஆகியோரின் சங்கங்களை அமைத்தவர், தலைமையேற்று நடத்தியவர். வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தப் பகுதி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை விரித்துப் பார்ப்பதே என் நோக்கம். நான் நிறுவ விரும்பும் கருத்து இது: வெங்கட்ராமன் தொழில் பழகியது சட்டம் இன்னும் உறுதிப்படாத, நீதிமன்றம் தாமதமாக வந்து சேர்ந்த இடங்களில். அங்கே வழக்கை வாதாடுவதற்கு முன் வழக்குக்கான வழியையே அமைக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கமே பிற்காலத்தில் அவருடைய பலம். ஓரிடத்தில் அதுவே அவருடைய குறையும் ஆயிற்று.

1.

முதலில், இதை ஏன் இந்த ஊரில் பேச வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைநகரங்களில் இருப்பவர்கள், சட்டம் அங்கே பிறந்து மலைக்கு ஏறி வருகிறது என்று நினைக்கிறார்கள். கூடலூரின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையை, அதாவது பரம்பரை நில உரிமையை, ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் சொன்னது. 1974இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றம் செல்லாததாக்க முடியாதபடி அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. அப்படிச் சேர்த்தது சரியா என்ற கேள்வி 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்பாக முடிந்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. இந்தியா முழுமைக்குமான விதி அது. அதற்குக் காரணமான நிலம் இங்கிருந்து பேருந்தில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கூடலூர் மரவெட்டைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கும் அப்படியே. காடு என்றால் எது என்பதை நாட்டுக்கே வரையறுத்த 1996 டிசம்பர் 12 ஆணை அதிலிருந்து வந்தது. சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்களில்தான் அதன் கடினமான கேள்விகள் எழுகின்றன. அத்தகைய ஓரங்களில் வேலை செய்த வழக்கறிஞரை இங்குள்ளவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

2.

பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் 1910 டிசம்பர் 4 அன்று பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பொருளாதாரத்தில் முதுகலை; பிறகு சட்டக் கல்லூரி. 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். 1942 போராட்டத்தில் கைதாகி இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். இவை தெரிந்த செய்திகள். நம் பொருளுக்கு முக்கியமானது 1946. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் எதிரிக்கு உடந்தையாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இந்திய அரசு அனுப்பிய வழக்கறிஞர் குழுவில் அவரும் இடம்பெற்றார்.

அந்தக் குற்றச்சாட்டின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. மூன்றரை ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்த அரசு ஜப்பானிய அரசு மட்டுமே. மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அவர்களில் பலர் இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்தார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களும் ஏராளம். 1945இல் திரும்பி வந்த அரசு, இடைப்பட்ட காலத்திலும் தனக்கே விசுவாசம் உரியது என்று கூறி வழக்குத் தொடுத்தது. தன்னைக் காக்க முடியாமல் விட்டுப்போன அரசனுக்கு ஒரு தோட்டத் தொழிலாளி எந்த அளவுக்குக் கடமைப்பட்டவன்? உயிருக்கு அஞ்சிச் செய்த வேலை உடந்தையாகுமா? சட்டப் புத்தகத்தில் இவற்றுக்கு ஆயத்தமான விடை இல்லை. இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது நடந்த டெல்லி செங்கோட்டை விசாரணையில் புலாபாய் தேசாய், விடுதலைக்காகப் போராடும் மக்களுக்குப் போர் உரிமை உண்டு என்று வாதாடியிருந்தார். ஷா நவாஸ் கான், சகல், தில்லான் ஆகிய மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக் நீக்கினார். அந்த வாதம் அதிகாரிகளைப் பற்றியது. பெயர் தெரியாத தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் அதை எப்படிப் பொருத்துவது என்பது மலேயாவுக்குப் போனவர்கள் முன் இருந்த கேள்வி. முன்தீர்ப்பு இல்லாத இடத்தில் நிற்கும் அனுபவம் அவருக்கு முப்பத்தைந்து வயதில் கிடைத்தது.

3.

மையமான பகுதிக்கு வருகிறேன். மலைத் தோட்டங்களுக்கு நீதிமன்றம் முதன்முதலில் யாருக்காக வந்தது? முதலாளிக்காக. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம், சிறையிலும் அடைக்கலாம். போதாதென்று நீலகிரி, வயநாடு போன்ற தோட்டப் பகுதிகளுக்காக 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது 1926இல். மாகாணச் சட்டம் அதற்குச் சற்றுப் பின்னர். ஆகவே வெங்கட்ராமன் கறுப்பு அங்கி அணிந்தபோது, கொழுந்து பறிப்பவர்களின் நினைவில் நீதிமன்றம் என்பது கங்காணி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும் இடம். முதலாளிகளின் தரப்போ நன்றாக அமைந்திருந்தது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தோட்ட முதலாளிகள் சங்கம் 1893இலேயே தொடங்கியது.

1947 ஏப்ரல் 1 அன்று தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை மேலோட்டமாகப் படித்தால், தொழிலாளிக்குத் தீர்ப்பாயம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். நுணுகிப் படித்தால் மூன்று தடைகள் தெரியும். தீர்ப்பாயத்துக்குத் தொழிலாளி அன்று நேரே போக முடியாது. தகராறை அரசு அங்கே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. தனி ஒருவரின் வேலைநீக்கம் அதுவாகவே தொழில் தகராறு ஆகாது; சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ அதைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1957இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தனி வேலைநீக்கத்தையே தகராறாகக் கருதும் 2-அ பிரிவு 1965இல்தான் வந்தது. மூன்றாவதாக, சட்டத்தின் 36ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு சம்மதித்துத் தீர்ப்பாயமும் அனுமதித்தால் மட்டுமே வழக்கறிஞர் வாதாட முடிந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிக்கோ அந்தத் தடை இருக்கவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வெங்கட்ராமன் ஏன் சங்கங்களை அமைத்தார் என்பதற்கு அரசியலைத் தாண்டிய ஒரு விடை கிடைக்கிறது. சங்கம் இல்லாத எஸ்டேட்டில் ஒரு ரைட்டரையோ டீமேக்கரையோ துரை என்னும் எஸ்டேட் மேலாளர் ஒரே காகிதத்தில் வெளியேற்றினால், 1949இல் அவருக்கு அந்தச் சட்டத்தின் பயன் எதுவும் கிடையாது. சங்கம் இருந்தால்தான் தகராறு. தகராறு இருந்தால்தான் அரசின் அனுப்பாணை. அது வந்தால்தான் தீர்ப்பாயம். அங்கேயும் சங்க நிர்வாகியாக இருந்தால்தான் தடையின்றிப் பேச முடியும். வழக்கறிஞரே சங்க நிர்வாகியாக இருந்தால் நிர்வாகி என்ற உரிமையில் அவர் வாதாடலாம் என்று உச்ச நீதிமன்றம் பாராதீப் துறைமுக வழக்கில் பின்னாளில் கூறியது. சங்கத் தலைமையை வழக்கறிஞர் தொழிலுக்கு வெளியே இருந்த பொதுத்தொண்டு என்று எழுதுவது வழக்கம். அன்றைய சட்ட நிலையில் அது வழக்கறிஞர் தொழிலின் முதல் படி. வழக்கு நுழைவதற்கான கதவைச் செய்து மாட்டிய பிறகே வாதாடப் போக முடியும்.

எஸ்டேட் ஊழியர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர்கள் அவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளியா, நிர்வாகத்தின் ஆளா என்பதே தீராத கேள்வி. அசாமின் டிமாகுச்சி தேயிலைத் தோட்டத்தில் உதவி மருத்துவர் ஒருவரை ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சங்கம் போராடியது. அவர் தொழிலாளி அல்லர், அவருக்காகத் தொழிலாளர்கள் தகராறு எழுப்ப முடியாது என்று 1958இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. வேலை போனால் வீடும் போகும் மலையில், ஊழியர் சங்கத்தின் வழக்கு ஒவ்வொன்றும் இந்தக் கத்தி முனையில்தான் நடந்தது. இதற்கு முன்பே, 1949இல், நீக்கப்பட்டவரை மீண்டும் வேலையில் சேர்க்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று ஃபெடரல் நீதிமன்றம் கூறியிருந்தது. சாதாரண ஒப்பந்தச் சட்டத்தில் இழப்பீடு மட்டுமே உண்டு. மலையில் வாழும் ஊழியருக்கு இழப்பீட்டுக்கும் மறுவேலைக்கும் உள்ள இடைவெளி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்குவதற்கும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருப்பதற்கும் உள்ள இடைவெளி.

1950இல் அவர் தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். அந்த நாடாளுமன்றமே 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. 25 ஏக்கரும் 30 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களில் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை முதலாளியின் கடமை என்று அது விதித்தது. நடைமுறைக்கு வந்தது 1954 ஏப்ரலில்.

4.

1949இல் அவர் தொடங்கிய ‘லேபர் லா ஜர்னல்’ என்ற இதழைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறார்கள். என் கணிப்பில் அந்தக் காலத்தில் அவர் செய்த நிலைத்த செயல் அதுவே. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அதற்கு முன்பே இதழ்கள் இருந்தன. தொழில் தீர்ப்பாயங்கள் புதியவை. ஒரு தீர்ப்பாயம் போனஸ் பற்றிச் சொன்னது இன்னொரு மாகாணத்துச் சங்கத்துக்குத் தெரியாமலே போகலாம். பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. சிதறிக் கிடந்த முடிவுகளை ஓரிடத்தில் திரட்டி அச்சிட்டபோது, ஒரு சங்கம் எங்கோ பெற்ற வெற்றி எல்லாச் சங்கங்களுக்கும் முன்தீர்ப்பு ஆயிற்று. எல்.எல்.ஜே. என்ற மூன்றெழுத்தை இன்றும் தொழிலாளர் நீதிமன்றங்களில் கேட்கலாம்.

5.

சங்கம் அமைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வெங்கட்ராமனின் இந்த வழிக்கு எதிராக வைக்கத் தக்க வாதங்களில் இரண்டு கனமானவை.

முதலாவது, வி.வி. கிரியின் வாதம். கிரியும் வழக்கறிஞர், ரயில்வே தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவர். அவர் கட்டாயத் தீர்ப்பாய முறையை நம்பவில்லை. தொழிலாளரும் முதலாளியும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும், தீர்ப்பாயத்தைச் சார்ந்திருக்கும் சங்கம் தன் சொந்த வலிமையை இழக்கும் என்பது அவர் கொள்கை. மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர் தகராறில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தந்த முடிவை அரசு திருத்தியதால் 1954இல் பதவி விலகினார். தீர்ப்பாயத்தில் வென்றதையும் அரசு ஒரு கையெழுத்தில் குறைக்க முடியும் என்றால், சட்டத்தின் வழியில் செலவிட்ட உழைப்புக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ரயிலையும் துறைமுகத்தையும் நிறுத்தினால் நாடு நின்றுவிடும். அங்கே பேச்சுவார்த்தைக்கு வலிமை உண்டு. ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் எஸ்டேட்டில், குடியிருக்கும் லைன் வீடும் மருந்தும் அரிசியும் முதலாளியின் கையில் இருக்கும்போது, வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்? கிரியின் வழி வலிமையுள்ள தொழில்களுக்குப் பொருந்தும். தோட்டத்துக்குப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவே தீர்ப்பாயத்தின் நிழல் தேவைப்பட்டது. பின்னால் வந்த கூலி ஒப்பந்தங்களும் அந்த நிழலில்தான் கையெழுத்தாயின.

இரண்டாவது வாதம் தொழிலறத்தைப் பற்றியது. வழக்கறிஞர் யாருக்கும் வாதாடுபவர்; ஒரு தரப்பை மட்டும் தேர்ந்துகொள்வது அரசியல்வாதியின் வேலை என்பார்கள். ஆபிரகாம் லிங்கனை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஸ்பிரிங்ஃபீல்டில் 1837இல் தொழில் தொடங்கி, நீதிபதியோடு சேர்ந்து குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் நீதிமன்றங்களில் வாதாடியவர் அவர். ரயில் நிறுவனத்துக்காகவும் வாதாடினார், ரயில் நிறுவனத்துக்கு எதிராகவும் வாதாடினார். 1847இல் மாட்சன் என்ற அடிமை முதலாளிக்காக, சுதந்திரம் கோரிய ஒரு தாய்க்கும் அவள் பிள்ளைகளுக்கும் எதிராக நின்றார், தோற்றார். அந்தத் தாய் விடுதலை பெற்றாள். பின்னாளில் அடிமைத்தளையை உடைத்தவரின் வாழ்வில் அந்த வழக்கு ஒரு முள்ளாகவே நிற்கிறது. லிங்கனின் சிற்றூர்களில் இரு தரப்பாரும் ஏறக்குறையச் சமமான விவசாயிகளாகவும் வியாபாரிகளாகவும் இருந்த வழக்குகளே பெரும்பாலானவை; அங்கே எவருக்கும் வாதாடுவது நேர்மை. மாட்சன் வழக்கு அந்தச் சமநிலைக்கு வெளியே இருந்தது, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. தோட்டத்து நிலையும் அத்தகையதே. ஒரு தரப்பிடம் எழுத்தும் கணக்கும் வழக்கறிஞர்களும் இருக்க, மறு தரப்பிடம் கைநாட்டு மட்டுமே இருந்த இடத்தில் வெங்கட்ராமன் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டது தொழிலின் அறத்துக்கு உட்பட்டதே.

6.

இந்தத் தொடக்கம் பிற்கால வாழ்வில் எங்கே தெரிகிறது? 1955 முதல் 1979 வரை அவர் ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர். 1968 முதல் அதன் தலைவர். ஐ.நா. ஊழியர் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது. நிறுவனத்துக்கு விலக்குரிமை உண்டு. அந்தத் தீர்ப்பாயமே அன்று அவர்களுக்கு ஒரே வழியாக இருந்தது. எஸ்டேட் ஊழியரின் கேள்வியை, நியூயார்க்கில் வேறு உடையில், கால் நூற்றாண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

குடியரசுத் தலைவராக நான்கு பிரதமர்களோடு பணியாற்றினார். 1989 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அத்தகைய நிலைக்கு உறுதியான முன்மாதிரி இல்லை. மிகப்பெரிய கட்சியை முதலில் அழைப்பது, அது மறுத்தால் அடுத்ததை அழைப்பது என்ற ஒழுங்கை அவர் வகுத்துக்கொண்டார். தம் சொந்த விருப்பம் தெரியாதபடி, அடுத்து வருபவரும் பின்பற்றக் கூடியபடி ஒரு வழியை அமைத்தார். 1991இல் மக்களவை கலையும் தறுவாயில், உறுப்பினர் ஓய்வூதியத் திருத்த மசோதா அரசியலமைப்பு கோரும் முன்பரிந்துரை இல்லாமல் நிறைவேறியது. அதற்கு அவர் ஒப்புதல் தரவில்லை. தொழில் தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவைப் படித்த கண் அது.

ஆனால் அதே ஆண்டு ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. அரசைக் கலைத்த பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டார். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்திருந்தார். ஆளுநரின் அறிக்கை வழியாகவோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் திருப்தியடையலாம் என்ற 356ஆம் பிரிவின் அந்த இரண்டு சொற்கள் போதுமானவையாக எடுத்துக்கொள்ளப்பட்டன. சட்டத்தின் எழுத்து அவரை அனுமதித்தது. அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் வழியும் அதே எழுத்தில் இருந்தது. கே.ஆர். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேச விஷயத்தில் அதைச் செய்தார். வெங்கட்ராமன் செய்யவில்லை. அவர் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்துக்குள் இடம் தேடி எளியவருக்கு வழி செய்த அதே திறமை, எழுத்துக்குள் இடம் இருந்தாலே போதும் என்று அன்று நின்றுவிட்டது. அவரைப் போற்றுகிறவர்கள் இந்த நாளை மறைக்காமல் படிக்க வேண்டும். அவருடைய வழக்கறிஞர் வாழ்வின் இயல்பை இது போல் வேறெதுவும் காட்டுவதில்லை.

7.

கடைசியாக அந்த இதழுக்குத் திரும்புகிறேன், ஒரு கோரிக்கையோடு. அது ஆங்கிலத்தில் வந்தது. சங்கங்களுக்குப் பயன்பட்டதைப் போலவே நிர்வாகங்களுக்கும் பயன்பட்டது. சந்தா கட்ட நிர்வாகங்களால்தான் எளிதில் முடிந்தது. இந்தக் குறையை அவர் காலத்தில் யாரும் தீர்க்கவில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டங்கள் தொழில் தகராறுகள் சட்டத்தையும் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் தமக்குள் சேர்த்துக்கொள்கின்றன. எழுபது ஆண்டுத் தீர்ப்புகளில் எது நிற்கும், எது போகும் என்ற கேள்வி மீண்டும் திறந்திருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களின் குடும்பங்கள், தனியார் எஸ்டேட் தொழிலாளர்கள், சிறு விவசாயிகளிடம் கொழுந்து பறிக்கும் அன்றாடக் கூலிகள் ஆகியோரில் யாருக்கு எந்த விதி பொருந்தும் என்பதைத் தமிழில் படித்து அறிய இன்று ஒரு தொகுப்பு வேண்டும். கூலி ஒப்பந்தங்கள், பணிக்கொடை, வீட்டைக் காலி செய்யும் வழக்குகள், வேலைநீக்க வழக்குகள் ஆகியவற்றில் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் தந்த முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் சுருக்கி அச்சிட்டு, ஒவ்வொரு எஸ்டேட் சங்க அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். இந்த அறக்கட்டளை அதன் முதல் தொகுதியை ஏற்று நடத்தலாம். மொழிபெயர்க்கும் பணியில் கூடலூர் ஆசிரியர்களும் சங்க நிர்வாகிகளும் சேர்ந்துகொள்ளலாம். தோட்டத்துக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசுகளைப் பற்றிய முடிவுகளிலிருந்து அதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.